ஏலம்

பெர்கனில் அபூர்வமாய் வெயில் அடித்த ஞாயிறு
அந்த வீட்டைப் பார்க்கப் போனோம்.
அடுப்பில் பன் வெந்துகொண்டிருந்தது, வீடெங்கும் ஏலம் மணத்தது.
நாளை பன்னிரண்டு மணிக்கு ஏலம் என்றார் தரகர்,
அரைமணிக்கொரு விலை, யோசிக்க நேரமிருக்காது.
எய்விண்ட் அதற்குள்
பிறக்கப்போகும் பிள்ளையின் கட்டிலை
மாடி ஜன்னலோரம் போட்டுவிட்டான்,
மனதில்தான்.

நிலவறையில் ஒரு சுவர் மட்டும் புது வெள்ளை,
அதுவும் முழங்கால் உயரத்துக்கு.
ஈரமா என்றேன்.
இந்த ஊரில் எது ஈரமில்லை என்று சிரித்தார்.
நானும் சிரித்துவைத்தேன்.
ஆய்வறிக்கை நாற்பது பக்கம்.
படம் இருந்த பக்கங்களைப் பார்த்தோம்.

திங்கள் காலை மழை.
வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி
குடையோடு எதிர்ப்பக்கம் நின்றேன்,
கூரைத் தண்ணீர் எங்கே போகிறதென்று பார்க்க.
எங்கேயும் போகவில்லை.
சுவரடியில் நின்றது.

ரப்பர் பூட்ஸோடு வந்தாள் பக்கத்து வீட்டுக்காரி.
"ஹெல்லே வீட்டு ஆளா? பம்பைத் தர வந்தீர்களா?
அவசரமில்லை, வியாழன்வரை மழையாம்.
வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

பதினொன்றே முக்காலுக்கு எய்விண்டை அழைத்தேன்.
சற்றுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "கட்டிலை எடுத்துடவா?" என்றான்.

இரண்டு மணிக்குள் வீடு விலைபோய்விட்டது,
கேட்டதற்கு மேலேயே.
வாங்கியவர்கள் யாரென்று தெரியாது.
பம்ப் யாருடையதென்று
அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.
நான் சொல்லியிருக்கலாம்.