வண்டி எண் தவறு

கோப்லி கடைசி நிறுத்தம். காலை ஆறு நாற்பது.
சல்லடைக்குக் கீழே மாவு போலப் பனி.
டிராம் திரும்பும் வளையத்தில்
ஓட்டுநர் இறங்கி, கையுறையைப் பல்லால் கழற்றி,
சிகரெட் பற்றவைக்கிறார்.
எடுத்தேன். கீழே எழுதினேன்:
"இரண்டாம் தடம். வண்டி நூற்றெட்டு.
என் காபிக்கு முந்திக்கொண்டது அவருடைய புகை."

இப்படித்தான் பதினோரு வருடமாக.
நாளுக்கு ஒரு படம், படத்துக்கு ஒன்றிரண்டு வரி.
துறைமுகத்தில் கயிறு வீசுகிறவன்.
பேருந்துக் கண்ணாடியின் ஆவியில் யாரோ வரைந்து
பாதியில் இறங்கிப் போன பூனை.
ஜன்னலோர இருக்கையில் தனியாகப் பயணம் செய்த
ஒரு முட்டைக்கோஸ்.
அதற்கு நூற்று நாற்பது பேர் விருப்பம் தெரிவித்தார்கள்.
என் முகத்துக்கு ஒன்பது.

விர்வே போனது நான்காம் வருடம்.
சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை.
கெட்டிலை எடுத்துக்கொண்டாள்,
பூந்தொட்டிகளை விட்டுப் போனாள்,
அவை செத்தன.
தாலினிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம், ஹெல்சிங்கி.
வானம் தெளிந்திருந்தால் அக்கரை தெரியும் என்பார்கள்.
எனக்குத் தெரிந்ததில்லை.

பணிமனையில் இருபது வருடம்
எந்த வண்டி எந்தத் தடம் என்று பட்டியல் போட்டவள்.
கதவு மூடும் சத்தத்தில்
வண்டியின் வயதைச் சொல்லிவிடுவாள்.
போய் எட்டு மாதம் கழித்து
ஒரு படத்தின் கீழே வந்து நின்றாள்:

"நூற்றெட்டு இல்லை, நூற்றொன்பது.
விளக்குக்குக் கீழே நசுங்கலைப் பார்."

அவ்வளவுதான். நலமா என்று கூட இல்லை.
எண்ணைப் பனி மூடியிருந்தது.
படத்தைப் பெரிதாக்கினேன்.
நசுங்கல் இருந்தது.

அன்றிலிருந்து நான் கெட்டுப்போனேன்.
மூன்றாம் தடத்தை நான்கு என்றேன்.
கப்பலின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கினேன்.
காத்ரியோர்க் போகும் வண்டியை
அங்கிருந்து வருவதாகச் சொன்னேன்.
பெரிய பொய் ஆகாது, பிடித்துவிடுவாள்.
சோற்றில் கல் போல இருக்கவேண்டும்,
பல்லில் பட்டால் மட்டும் தெரிகிற அளவு.

வந்தாள். ஒவ்வொரு முறையும் வந்தாள்.
"ஐந்து கதவு இல்லை, நான்கு."
"அது வேறு கப்பல். புகைபோக்கியைப் பார்."
"செவ்வாய்க்கிழமை இந்த வண்டி ஓடாது."
இதை வைத்துக்கொண்டு
ஒரு குளிர்காலத்தையே கடத்தியிருக்கிறேன்.

தார்த்துப் பையன் ஒருவன் எழுதினான்:
"பெரியவருக்குக் கண் போய்விட்டது,
கேமராவை யாராவது வாங்கி வையுங்கள்."
சிரித்துக்கொண்டேன்.
கண் நன்றாகத்தான் இருந்தது
அப்போது.

சென்ற அக்டோபரில் ஒரு மழை மாலை.
நிறுத்தத்துக் கூரையின் கீழே ஒரு பெண்,
காலடியில் சுருண்ட கறுப்பு நாய்.
எழுதினேன்:
"இருவருக்கும் ஒரே பொறுமை. ஒரே டிக்கெட்தானா?"
எண் போடவில்லை. தடம் போடவில்லை.
அன்றைக்கு எந்தத் தந்திரமும் செய்யவில்லை.

இரவு பதினொன்றுக்கு வந்தது:

"அது நாய் இல்லை, காவ்போ. குப்பைப் பை.
இதை நீ வேண்டுமென்று எழுதவில்லை.
கண்ணைக் காட்டு."

வேண்டுமென்று.
ஏழு வருடத்துக் கற்களை
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
தட்டோரமாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்,
எனக்குத் தெரியாது என்று
எனக்குத்தான் தெரியவில்லை.

இன்றைக்கு மருத்துவமனை.
கண்மணி விரிய மருந்து விட்டு
உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஏதோ வந்து நிற்கிறது,
நீளமாக, மஞ்சளாக, விளிம்பில்லாமல்.
சிலர் ஏறுவது போல இருக்கிறது.
எடுத்தேன். தடவித் தடவி எழுதினேன்:

"என்ன வண்டி என்று தெரியவில்லை.
நிஜமாகவே."

அனுப்பியதா என்று தெரியவில்லை.
பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவேண்டும்.