உட்காரும் மாடல்

சாயல்குடி இரும்புக்கடையில் இரண்டே இரண்டு இருந்தன,
பனையேறும் மிஷின்.
நின்று ஏறுவது ஒன்று,
உட்கார்ந்து ஏறுவது ஒன்று.
செய்யது இபுராம்சா தூசி தட்டி வாசலில் வைத்தார்.
"யாருக்கு?"
எனக்கு.
அவர் என் செருப்பைப் பார்த்தார்,
பிறகு விலையைச் சொன்னார்.

பதநீருக்கு இல்லை, நுங்குக்கும் இல்லை என்றேன்.
மேலே உட்கார்ந்திருக்க.
கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறுகிறது.
கார்த்திகையிலேயே பாதி போயிற்று,
மிச்சமாவது பொங்கலுக்குச் சந்தை பார்க்கட்டும்.

போனில் பார்த்தேன், எந்தத் தேசமோ,
இலைநிறச் சட்டைக்காரன் ஒருவன்
இருபதடி உயரத்தில், மரத்தோடு மரமாக,
மடியில் வில்.
மான் வரும்வரை மூக்கைக்கூடச் சொறியவில்லை.
எனக்கு அந்த வில் வேண்டாம்,
அந்த நாற்காலி வேண்டும்.

இந்தக் கரையில் ஓர் ஊருக்கே
வில்லின் நுனி என்று பேர்.
அம்பை யாரும் பார்த்ததில்லை.

நின்று ஏறுவது இரும்பு, பதினான்கு கிலோ.
நரிப்பையூர் உப்புக்காற்று அதை
ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும்.
மணலில் மரம்வரை சுமப்பதும் நான்தான்.
மற்றது அலுமினியம், ஒன்பது கிலோ,
விலையைத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.
திரும்பியும் அதேதான்.

நூற்றிருபது கிலோ தாங்கும் என்று ஒட்டியிருந்தது.
ஆள் மட்டுமா, ஆளும் பயமும் சேர்த்தா?
"பயத்துக்குத்தானம்மா பெல்ட்டு" என்றார்.

எதிர்க் கம்பத்தில் மாட்டி ஏறிக் காட்டினான் கடைப்பையன்.
கம்பம் சொன்னபடி கேட்கும்.
பனை அடியில் யானைக்கால்,
போகப்போக இடுப்பு மெலியும்.
பாதி வழியில் பட்டையை இறுக்க வேண்டும்,
இருட்டில், ஒற்றைக் கையால்,
எனக்கோ இடது கை.
கொக்கியை மாற்றித் தரச் சொன்னேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

மரத்தைப் பார்த்து உட்காருவதா,
மரத்துக்கு முதுகு காட்டியா?
தூங்கிவிட்டால்?
நடுராத்திரி ஒன்றுக்கு வந்தால்?
இதற்கு மட்டும் அவர் கணக்கு நோட்டைத் திறந்தார்.

கடைசியாகச் சத்தம்.
சங்கிலி கிறீச்சென்றது.
பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினோம்,
அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.
பிறகு அது வாயே திறக்கவில்லை.

மார்கழி. நிலா இல்லை.
ஓலைச் சலசலப்பு மழையென்று
மூன்று தடவை ஏமாற்றியது.
பனை ஆடுவது கீழே நின்றால் தெரியாது,
மேலே, வயிறுதான் முதலில் சொல்லும்.
கடலில் ஒரே ஒரு விளக்கு, நண்டுவலைக்காரர்கள்.

இரண்டு மணிக்கு வந்தது.
இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டு, ஒரு மொபெட்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
மண்வெட்டி விழும் விதத்தில் ஆள் தெரிந்துவிட்டது,
இரண்டு வெட்டு, ஒரு இருமல்.
பால்துரை. என் வீட்டுக்காரரின் தம்பி.
ஆவணியில் இந்தப் பாத்திக்குக் கூடவே நின்று
கொட்டை அடுக்கியவன்,
கூலி வேண்டாமென்றவன்.

விசில் கழுத்தில் இருந்தது.
டார்ச் மடியில்.
மூக்கு அரித்தது.
சொறியவில்லை.

எண்ணினேன்: பதினோரு கட்டு.
கட்டியதும் மண்ணைத் தள்ளிக் காலால் நிரவி,
அங்கங்கே குழி பறித்தான்,
பன்றி மூக்கு போலவே,
அழகாக.

மறுவாரம் டியூப் தேய்ந்துவிட்டதென்று கடைக்குப் போனேன்.
"பன்றி வந்துச்சா?"
வந்துச்சு.
"பெருசா?"
ஹெல்மெட் போட்டிருந்துச்சு.
அவர் சிரிக்கவில்லை.
புது டியூபைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டினார்.
"மிஷின் தாங்குச்சாம்மா?"

தாங்குச்சு. மரமும் தாங்குச்சு.
மற்றதைப் பொங்கலன்று பார்க்க வேண்டும்.
அவனும் சாப்பிட வருவான்.
இலையில் கிழங்கு எங்கே மதினி
என்று கேட்பான்.