அறிஞர் ஒருவர்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
மூன்றாவது தூணுக்கு நேர் எதிரே
எங்கள் அச்சகம்.
மேலே லாரி போனால்
கணினித் திரையில் எழுத்துகள்
ஒரு கணம் குளிர்ந்ததுபோல் நடுங்கும்.

செப்டம்பரில் தினசரிக் காலண்டர் வேலை.
தேதி, நட்சத்திரம், ராகுகாலம்,
புனிதரின் திருநாள், பிறை
எல்லாம் போக அடியில்
ஒரு விரற்கடை இடம் மிஞ்சும்.
அங்கேதான் அறிஞர்களுக்குக் குடியிருப்பு.
பதினோரு சொல்லுக்கு மேல் தாங்காது.

முதலாளி ரெத்தினசாமியிடம்
பொன்மொழி நோட்டு ஒன்று உண்டு.
அந்த வருஷம் ஆனிச் சாரலில் கூரை ஒழுகி
ஆகஸ்டில் பாதியும் நவம்பர் முழுதும்
நீல மையாய்க் கரைந்துபோயின.
நாற்பத்தாறு நாள் காலி.
“என்னத்தையாவது போடு பிள்ளே,
எவன் வாசிக்கான்?” என்றார்
பழம்பொரியின் எண்ணெயைப்
பழைய புரூஃபில் ஒற்றியபடி.

போட்டேன்.
கரண்ட் போன மத்தியானம் ஒன்று.
கேஸ் தீர்ந்த அன்று இரண்டு.
வயிற்றுவலியோடு வந்த நாளில்
மரணத்தைப் பற்றி நான்கு
(அதில் மூன்று கொள்ளாம்).
பெயர் போட வேண்டிய இடத்தில்
கிரேக்கப் பழமொழி, பாரசீகப் பழமொழி,
தேசங்கள் தீர்ந்ததும்
அறிஞர் ஒருவர்.

அறிஞராவது எளிது.
முதலில் பெயரைக் கழற்ற வேண்டும்,
பிறகு காரணத்தை.
மிச்சம் நிற்பது
உண்மைபோலவே இருக்கும்.

நவம்பர் பதினெட்டை மட்டும்
பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.
அருமனையில் அப்பாவின் நாற்பது சென்ட் ரப்பரை
அண்ணன் ஒருத்தனே
பால் வெட்டிக்கொண்டிருந்த காலம்.
‘உடன்பிறப்பு யாரென்று சாவுவீட்டில் தெரியாது,
சங்கிலி பிடித்து அளக்கையில் தெரியும்.’

வருஷம் திரும்பியது.
அறிஞர்கள் ஊருக்குள் இறங்கினார்கள்.
குலசேகரம் பஸ்ஸில் பாக்கி கேட்டவரிடம்
“இறங்கையில தாறேன், பொறுமையா இரும்” என்றார் கண்டக்டர்.
அவரோ என் ஆகஸ்ட் இருபதை எடுத்து வீசினார்:
“பொறுமைங்கிறது அடுத்தவனுக்கு எழுதிக் குடுக்குற மருந்து.
அறிஞர் சொல்லியிருக்காரு வோய்.”
பஸ்ஸே சிரித்தது. நானும்.

குளச்சலில்
கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின்
நினைவஞ்சலி பேனரில்
படத்துக்குக் கீழே என் வயிற்றுவலி.
ஒரு பெண் அதைத் தொட்டுத் தொட்டு
வாசித்துக்கொண்டிருந்தாள்.
சிரிப்பு வரவில்லை.
மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை.
பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நவம்பர் பதினெட்டு.
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஆதாரம் எழுதும் கிளீட்டஸின் கடை.
நானும் அண்ணன் ஜாண்ரோசும் ஒரே பெஞ்சில்,
நடுவில் சொட்டிக்கொண்டு ஒரு குடை.
சுவரில் எங்கள் காலண்டர்.

அண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்தான்,
இரண்டாம் தடவை உரக்க.
“எவ்வளவு பட்டவன் எழுதியிருக்கான்!
ஒவ்வொரு வார்த்தையும் பொன்னு” என்றான்
என் முகத்தையே பார்த்து.
கிளீட்டஸ் தன் கொழுந்தனை நினைத்து
உச்சுக்கொட்டினார்.
முத்திரைத்தாள் கொண்டுவந்த பையனுக்கும்
யாரோ ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
வாசலில் நின்று மறுபடி படித்தான்.

வாயைத் திறந்தேன்.
அதை எழுதினது நான், அண்ணா,
அது உன்னைப் பற்றி…
மூடிக்கொண்டேன்.
அந்த அறிஞர் யார் கட்சி என்று
எனக்கே அப்போது விளங்கவில்லை.
அளந்த அன்று
சங்கிலியின் மறுமுனை
என் கையில்தான் இருந்தது.

இருபது சென்ட், இருபது சென்ட்.
கிணறு பொது.
கையெழுத்து முடிந்ததும் அண்ணன்
அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்து
சட்டைப்பையில் வைக்கப் போனவன் நின்று,
“நம்ம ஷைனிக்கும் ஒரு காப்பி எடுங்க,
அவளுக்குத் தேவைப்படும்” என்றான்.

ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.
நான்தான் கொடுத்தேன்.