வலது கை நீ

சனிக்கிழமை. ஏழரைக்குக் கிளம்பலாம்
என்று எழுதியிருக்கிறாய்.
சனிக்கிழமை, ஏழரை.
வேறு நேரமே கிடைக்கவில்லையா உனக்கு?
ஏழே முக்கால் என்று திருத்தி அனுப்பினேன்.
சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.
பதினான்கு மாதத்தில் முதல் முகம்.

இன்னும் முன்னால் வேண்டாம்தான்.
இருட்டில் கங்காருக்கள் குறுக்கே பாயும்.

யார் கார் என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.
உன்னுடையது புதிது, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும்.
என்னுடையதில் நறுமுகையின் இருக்கை
பட்டை இறுக்கிப் பூட்டியபடியே இருக்கிறது.
கழற்ற எனக்குத் தெரியாது,
மாட்ட நீ பழகவில்லை.
ஆகவே என் கார்.
போகும்போது நீ ஓட்டு, திரும்பும்போது நான்.
நான் பின்னால் அவளோடு.
முன் இருக்கையில் தேங்காய்ப் பை உட்காரட்டும்.
அதற்கும் பெல்ட் போட்டுவிடு,
இல்லையென்றால் கௌல்பர்ன் வரை கார் கத்தும்.

இரண்டு பாதமும் உள்மடிந்து பிறந்தாளே,
மாவுக்கட்டுக்கு வெளியே
பத்து விரல் மட்டும் தெரிந்த அந்த வாரம்,
ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் நின்று
வேண்டிக்கொண்டோம்:
இவள் சொந்தக் காலில் நடந்தால்
ஹெலன்ஸ்பர்க் பெருமாளுக்கு மூன்று சுற்று,
வலது கை நீ, இடது கை நான்.
கை வரைக்கும் சொல்லியிருக்க வேண்டாம்.
நீதான் சொன்னாய், சேந்தன்,
சாமியிடம் ஓட்டை இல்லாமல் பேச வேண்டும் என்று.
மென்பொருள்காரன் புத்தி.

வீடு பிரிந்தது. வங்கிக் கணக்கு பிரிந்தது.
இட்லிக் குண்டான் உனக்கு, மிக்ஸி எனக்கு.
அவளுக்கு நாலு நாள் டகரனாங், மூன்று நாள் கங்காலின்.
வக்கீலம்மா கேட்டாள்,
பொதுக் கடன் வேறு ஏதும் பாக்கி உண்டா?
வீட்டுக்கடனை மட்டும் சொன்னோம்,
இருவருமே.

வழியில் லேக் ஜார்ஜ்.
போன தடவை கரை தொட்டுத் தண்ணீர்.
இப்போது புல்தான், ஆடு மேய்கிறதாம்.
ஏரி எங்கே என்று அவள் கேட்பாள்.
நீ பதில் சொல்லு, எனக்கு அலுத்துவிட்டது.

கௌல்பர்னில் அந்தக் கான்கிரீட் செம்மறி.
அங்கே நிறுத்த வேண்டும்.
அவளுக்கு ஒன்றுக்கு, உனக்குக் காபி.
அண்ணாந்து பார்த்து அதையும் கும்பிடுவாள்,
தடுக்காதே.

பிக்டன் சாலையில் லாரிகள் அதிகம்.
உன் வேகத்தைப் பற்றி நான் பேசமாட்டேன்.
பேசினாலும் பதில் சொல்லாதே.

அர்ச்சனைக்கு ஒரு சீட்டா, மூன்றா?
கேட்டிருக்கிறாய்.
அடுத்த வரியிலேயே:
உனக்குப் பூசம்தானே?
பூசம்தான். கையெழுத்துப் போட்டதில்
அது ஒன்றும் மாறவில்லை.
முதல் கேள்விக்கு எழுதினேன், அழித்தேன்,
எழுதினேன்.
கவுன்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் பாதிப் பாதி. அதில் வாதம் இல்லை.

இங்கே ஒத்திகை நடக்கிறது.
செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
சாப்பாட்டு மேசையைச் சுற்றி வருகிறாள்.
நடு மேசையில் ஊறுகாய் பாட்டில், அதுதான் பெருமாள்.
இடது கை என்னிடம்.
வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி
ஐந்து விரலையும் விரித்து
காற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.
இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டாள்.
அம்மா, அந்த நாற்காலியைத் தள்ளி வை,
அப்பாவுக்கு இடிக்கும்.

தள்ளி வைத்தேன்.

புளியோதரைக்கு நல்லெண்ணெய் இல்லை இங்கே.
இருந்தால்
வெள்ளிக்கிழமை ராத்திரியே கொண்டு வந்து
வாசலில் வை.
மணி அடி, அடித்துவிட்டு
உடனே போய்விடாதே,
பாட்டில் மூடியைத் திறக்க வேண்டும்.