செய்யி

திருத்தணியில் ஏறினால் நகரிக்கு அரை மணி.
சோடாக் கடை தாண்டியதும்
பலகை எழுத்தெல்லாம் வட்டமாகிவிடும்.
மூன்றாம் ஆண்டு. வியாழன்தோறும் களப்பணி.
பையில் கோணமானி, ஆப்பு செருகும் பலகை,
கையெழுத்து வாங்க வேண்டிய பதிவேடு.

பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார்,
என்ன படிக்கிறே?
ஆக்குபேஷனல் தெரபி.
பிசியோவா?
இல்லைங்க, அது வேற.
வேலை வாங்கிக் குடுப்பீங்களா?
அதுவும் இல்லை என்றதும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனிகிருஷ்ணய்யா, ஐம்பத்தெட்டு.
மாங்கூழ் ஆலை எடைமேடையில்
இருபத்தாறு வருஷம் லாரிகளை எடைபோட்டவர்.
பக்கவாதம், இடது பக்கம்.
வந்து பார்த்தவர்கள் எல்லாம் தேற்றினார்கள்:
"பீச்சாங்கைதானே, சோத்தாங்கை தப்பிச்சுதே."

தெலுங்கில் செய்யி என்றால் கை.
செய்யி என்றால் செய் என்பதும்தான்.
முதல் வாரம் அவர்
"செய்யி லேவட்லேதம்மா" என்றபோது
ஏதோ செய்யச் சொல்கிறார் என்று
எழுந்து நின்றேன்.

எந்தச் செயலையும் உடைத்து
அடுக்கச் சொல்லித் தருகிறார்கள் எங்களுக்கு.
டீ குடிப்பது முப்பத்தொரு படி.
சட்டைப் பொத்தான் பதினாறு.
புத்தகத்தில் இருப்பது முள்கரண்டி,
வெண்ணெய் தடவும் கத்தி,
சுவரில் உருட்டி மாட்டிய காகிதம்.
நான் ஆப்புப் பலகையை நீட்டினேன்.
ஒன்பது ஆப்பு. அடுத்த வியாழன் பதினொன்று.
குறிக்கோள் என்ற கட்டத்தில்
"இடது கைப் பயன்பாடு மேம்பட" என்றெழுதி
அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

ஆனால் எடை.
அறுபத்து மூன்று. அறுபது. ஐம்பத்தேழரை.
மிஷின் சரியில்லை என்றேன்.
"மிஷின் பொய் சொல்லாதும்மா,
லாரிக்காரந்தான் சொல்வான்."

குழாயடியில் மருமகள் சுகுணா சொன்னாள்:
ஒரு வேளைதான் சாப்பிடறார்.
ரெண்டாவது சங்கடி உருண்டை வெச்சா
தட்டை நகர்த்திடறார்.
பிறகு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே:
அவருக்குக் கால் கழுவி விடறது எம் புருசன்தான்.
அப்போ சுவரைப் பார்த்துத் திரும்பிக்குவாராம்.
இரண்டையும்
வேறு வேறு சங்கதியாகத்தான் சொன்னாள்.

ஏகாம்பரகுப்பம் கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில், நாற்பத்திரண்டு பெட்டி.
முப்பதாவது பெட்டிக்குப் பக்கத்தில்
எண்ணுவதை நிறுத்தினேன்.
பீச்சாங்கை.
சொல்லிலேயே இருந்தது.
மூன்று வயதில் தெரிந்ததை
மூன்றாம் ஆண்டில் மறந்திருக்கிறேன்.

அன்றிரவு விடுதிக் குளியலறையில்
இடது கையில் விரல் மடங்காதபடி பட்டை சுற்றி
மணிக்கட்டுவரை சாக்ஸ் மாட்டிக்கொண்டு,
நனைந்த தரையில் நோட்டு.
நாற்காலியின் உயரம்.
பிடிகம்பி வலப்பக்கம்.
பாரம் வலது தொடைக்கு மாறும் கணம்.
குவளையை யார் பிடிப்பது.
மெர்லின் கதவைத் தட்டினாள்,
"என்னடி, வயிறு சரியில்லையா?"
நாற்பத்து நாலு படி.

அவரிடம் கேட்கத் தெலுங்கு போதவில்லை.
தமிழும் போதவில்லை.
ஆப்புப் பலகையை ஓரமாக வைத்துவிட்டு
காலி நாற்காலியில் நானே உட்கார்ந்து
வலப்பக்கம் சாய்ந்து
இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன்.
வெள்ளைக் கோட்டில் இருபது வயசுப் பெண்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
நெடுநேரம் கழித்து
அதனிடமே கேட்பதுபோல்:
"எத்தனை வாரமாகும்?"

பதிவேட்டில் மேற்பார்வையாளரின் சிவப்பு மை:
சொல்லைத் திருத்தவும், "அந்தரங்கச் சுகாதாரம்."
பத்துக்கு ஆறரை.
கால் கழுவ என்றே விட்டுவிட்டேன்.

இது ஏழாவது வியாழன்.
முடியவில்லை இன்னும்.
முப்பதாவது படியில் விரல் நழுவுகிறது.
கதவை மட்டும் சாத்திக்கொள்கிறார்,
மகன் வெளியே நின்று
போன் பார்ப்பதுபோல் நிற்கிறான்.

நான் கிளம்பும்போது
சுகுணா இன்னொரு உருண்டையோடு வந்தாள்.
தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.
எடை பார்க்க மறந்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.