மூன்றேகால்

கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும்
அக்டோபர் ஞாயிறு.
சும்மா கிடைத்த அந்த மணியை
பின்னல் ஊசிகளுக்குக் கொடுத்தேன்.

ஸ்பகெட்டி டின்னில் சில,
பூப்பந்துக் குழாயில் சில,
கட்டிலுக்கடியில் ரப்பர் வளையம் போட்டு
முருங்கைக்காய்க் கட்டு மாதிரி ஒன்று.
ஈரம் ஊறும் நிலவறைப் படியில்
துருப்பிடித்த உருக்கு ஊசி நாலு,
யார் வைத்தது என்று கேட்டால்
வீட்டில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

வட்ட ஊசிகள்தான் அடங்காதவை.
வாங்கிய நாளின் பொட்டலத்தை
இன்னும் மறக்காமல் சுருண்டு கிடக்கின்றன.
வெந்நீரில் முக்கி நிமிர்த்தினேன்.
சூடு ஆறியதும் மறுபடி படமெடுத்தன.
கதவுக்குப் பின்னால் ஆணியடித்து
மாட்டிவிட்டேன், ஆடட்டும்.

தொலைந்தவற்றின் கதை வேறு.
இரண்டேமுக்கால் ஒன்று
தக்காளிக் கன்றுக்கு முட்டு.
"அது செத்து ஒரு மாதம்" என்றேன்.
"கன்றா, ஊசியா?" என்றார் குகநேசன்.
நாலு மில்லிமீட்டர் ஒன்று
கேக் வெந்ததா என்று பார்க்கப் போய்
கரண்டிகளோடு குடியேறிவிட்டது.
குளியல் தொட்டித் துவாரத்தில்
எதை விட்டு முடி எடுத்தான் என்பதை
அகரன் இன்றுதான் சொன்னான்.

பகலில் நான் பார்மசியில் மாத்திரை எண்ணுபவள்.
பெயர், அளவு, எத்தனை வேளை.
ஒரு புள்ளி இடம் மாறினால்
ஆள் மாறிவிடும்.
வீட்டுக்கு வந்தால் இந்தக் கோலம்.

துளைத் தகட்டை எடுத்து உட்கார்ந்தேன்.
வழுக்கி விழுந்தால் துளை பெரிது.
முட்டி நின்றால் சிறிது.
கொஞ்சம் தயங்கி, உரசி,
மனமில்லாமல் போவதுபோல் போனால்
அதுதான் அளவு.

மூன்றேகால்.
அடுத்தது, மூன்றேகால்.
மூங்கிலில் ஒன்று, சாம்பல் அலுமினியத்தில் ஒன்று,
தருமக் கடையில் ஐம்பது பென்ஸுக்கு எடுத்த
ஆமையோட்டு நிறப் பிளாஸ்டிக் ஒன்று,
மறுபடி மூங்கில்,
மறுபடி.

பதினொரு சோடி.
தேடிக் கிடைக்காமல் புதிதாய் வாங்கிய
பதினொரு பொழுதுகள்
மேசையில் வரிசையாய்ப் படுத்திருந்தன.
குகநேசன் எண்ணிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதது எனக்குக் கேட்டது.

பழைய திரைச்சீலையை வெட்டி
ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பை தைத்தேன்.
மருந்துப் போத்தலில் எழுதும் அதே சின்ன எழுத்தில்
அளவுகளை எழுதி ஒட்டினேன்.
சுருட்டி, நாடா கட்டி,
லாச்சிக்குள் வைத்துத் தள்ளினால்
ஒரு சத்தமில்லை.
இரண்டு தரம் திறந்து மூடினேன்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு டோரீன்,
"பத்தாம் நம்பர் இருக்கிறதா?"
இதற்காகத்தானே காத்திருந்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்,
பத்து மில்லிமீட்டர், உலக்கை மாதிரி இரண்டு.
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் படித்த கணக்கில்
ஊசி மெலிய மெலிய எண் ஏறும்.
என் கணக்கில் தடிக்கத் தடிக்க.
என் உலக்கைக்கு அவளிடம்
மூன்று பூச்சியம்.
பரீட்சைத் தாளில் மூன்று முட்டை.
இருவரும் தகட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்தோம்.
அவளுடைய பத்து,
என்னுடைய மூன்றேகால்.

"அது கொஞ்சம் இருக்கிறது" என்றேன்.
ஒரு சோடி கொண்டுபோனாள்,
நாய்க்கு ஏதோ பின்னவாம்.

இரவு சுருளை விரித்தேன்.
பத்துச் சோடி.
ஒரு பை மட்டும் வாயைத் திறந்தபடி.
பத்துப் போதாதா?
போதும், எனக்கு இருப்பது இரண்டு கை.
சுருட்டினேன். விளக்கை அணைத்தேன்.
எழுந்து வந்து மறுபடி விரித்தேன்.

சனிக்கிழமை ஹாலிஃபாக்ஸ் சந்தை.
கண்ணாடிக் கூரையில் மழை.
என்ன பின்னப் போகிறீர்கள் என்றார்
கம்பளிக் கடைக்காரர்.
ஒன்றுமில்லை,
ஒரு பை காலியாய் இருக்கிறது என்றேன்.
அதுவும் ஓர் அளவு என்பதுபோல்
தலையாட்டிவிட்டு
உள்ளே போய் எடுத்து வந்தார்.