மழுங்காத முனை

ஓடை காய்ந்திருந்தது. கருங்காலக்குடி கடந்து
இரண்டு கேன் தண்ணீரை ஜீப்பில் கொண்டுபோய்
மணலை அரித்தோம்.
லேசானது போனபின் தட்டில் தங்கியது
ஒரு சிட்டிகைக் கருப்பு, கொஞ்சம் சிவப்பு.
கருப்பு காந்தத்தோடு போயிற்று.
சிவப்பு கார்னெட். இந்தப் பக்கத்தில்
புளியங்கொட்டை மாதிரி; யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

இருட்டும்வரை இருந்தோம்.
நாலுவழிச்சாலையில் லாரிகள்.
மேலூர்ப் பக்கம் வானம் கொஞ்சம் ஆரஞ்சு.
புற ஊதா விளக்கைப் போட்டதும்
முதலில் ஒளிர்ந்தது தேள்.
டிரைவர் இருதயராஜ் பானட்டில் ஏறிவிட்டார்.
பச்சைநீலமாய், கொடுக்கைத் தூக்கி,
தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று
அது நினைத்திருக்கும்.

அப்புறம்தான் தட்டில்:
ஏழு மணிகள்.
ஷீலைட். டங்ஸ்டன் சுமக்கும் கல்.
ஐந்து நீலவெள்ளை, இரண்டு மஞ்சள்.
மஞ்சள் என்றால் உள்ளே மாலிப்டினம் நுழைந்திருக்கிறது;
நுழைந்தது என்றால் அன்றைய கொதிநீரில்
ஆக்ஸிஜனுக்குக் குறைவில்லை.
கிரானைட் ஆற ஆற
விரிசல் வழியே ஏறி
சுண்ணாம்புப் பாறையைக் கடித்து
தன் உலோகத்தை அங்கேயே இறக்கிவைத்த நீர்.
ஐம்பது கோடி வருஷம் இருக்கும்.
பார்த்தவர் யாருமில்லை,
கடுகில் பாதியான இந்த மணியைத் தவிர.
எவ்வளவு என்று கேட்டால் வாய் திறக்காது.
எப்படி என்று கேட்டால்
நிறுத்தாது.

லென்ஸ் வைத்தேன்.
உருண்டிருந்தால் தூரத்திலிருந்து வந்தது.
இவை உருளவில்லை.
நாலு மழைக்குத் தாங்காமல் நொறுங்கும் கல்,
முனைகள் அப்படியே இருக்கின்றன.
பக்கத்தில்தான்.
மிகவும் பக்கத்தில்.

வெளிச்சம் பார்த்து வந்து நின்றார்
மேட்டுக்காட்டு அங்கம்மாள், கையில் டார்ச்.
"இது எங்க மல்லிக்கொல்லைக் கரையில இருந்து
அரிச்சு வந்த மண்ணு. இருக்கா?"
எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினேன்:
வெந்நீர், விரிசல், சுண்ணாம்பு.
குறுக்கே பேசாமல் கேட்டார்.
"அது வந்த கதை சரிம்மா.
நாங்க போற கதையா இது?"

மாதிரி நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
ஷீலைட், ஏழு. முனை மழுங்காதவை.
மூலம்: கிழக்கு மேடு.
வேறு எழுதலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.
அந்த மணிகள் விடவில்லை.

"தேளு கெடக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லி நடந்தார்.
விடிவதற்குள் மொட்டுப் பறித்தால்தான்
மாட்டுத்தாவணி வண்டியைப் பிடிக்க முடியும்.
ஜீப் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன்:
மேட்டில், செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து
ஒரு டார்ச்.
நீலவெள்ளை.